கணினி கேள்வி–பதில்: ஆளில்லாத இடத்தில் விழும் நிரல்கள்

பைத்தான், பெர்ல், பிஎச்பி போன்ற ஸ்கிரிப்ட் மொழிகளில் எழுதி, லினக்ஸ் சர்வரில் பின்னணிச் சேவையாக ஓடவிட்ட நிரல்கள் தரும் தொல்லைகளைப் பற்றி வந்த கடிதங்களை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். லினக்ஸில் இத்தகைய சேவைகளைத் தொடங்கி, கண்காணித்து, நிறுத்தும் மேலாளர் நிரலின் பெயர் சிஸ்டம்டி. கட்டளைகளின் பெயர்களை ஒலிப்புப்படி எழுதியுள்ளேன். கணினியில் இடும்போது அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்துகளிலேயே இடவும்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பால் கூட்டுறவுச் சங்கத்துக்காக ஒரு பைத்தான் நிரல் எழுதினேன். உறுப்பினர் ஊற்றிய பாலின் அளவையும் கொழுப்புச் சத்தையும் எடைமேடைக் கணினியிலிருந்து வாங்கி, அவருக்குக் குறுஞ்செய்தியாக அனுப்புவது அதன் வேலை. டெர்மினலில் நானே ஓட்டினால் நாள் முழுவதும் குறையின்றி ஓடுகிறது. சிஸ்டம்டி சேவையாகப் பதிந்தால் இரண்டு விநாடிகூடத் தங்குவதில்லை. 'தொடங்கும் கோரிக்கை மிக விரைவாகத் திரும்பத் திரும்ப வந்துள்ளது' என்னும் பொருள்படும் வரிதான் கடைசியில் தெரிகிறது. நிரலில் எந்த இடத்தைத் திருத்துவது? – வாசகர், ஒரத்தநாடு

பதில்: நிரலை இப்போதைக்குத் தொடாதீர்கள். நீங்கள் காணும் அந்த வரி நோயின் பெயரன்று. வைத்தியர் கைவிட்ட செய்தி மட்டுமே. விழுந்த சேவையை மீண்டும் எழுப்புமாறு, சேவையை எப்படி ஓட்டுவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் யூனிட் கோப்பில் எழுதியிருப்பீர்கள். அவ்வாறு எழுப்புவதற்கு முன் சிஸ்டம்டி வழக்கமாகக் காத்திருப்பது 100 மில்லிவிநாடிதான். 10 விநாடிக்குள் 5 முறை தொடங்கியும் நிலைத்து ஓடாத சேவையை அது மேற்கொண்டு தொடங்க மறுத்துவிடும். ஆகவே உண்மையான பிழை அந்த ஐந்து முயற்சிகளில் முதலாவதில் இருக்கிறது. சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலைக் காட்டும் 'ஜர்னல்சிடிஎல்' கட்டளைக்கு 'யு' விருப்பத்துடன் சேவையின் பெயரைக் கொடுத்து, வெளிவருவதைக் கீழிருந்து மேலாகப் படிக்காமல், முதல் தொடக்கத்திலிருந்து படியுங்கள்.

அங்கே முதலில் பார்க்க வேண்டியது வெளியேற்றக் குறியெண். அது 1 என்றிருந்தால் பைத்தான் எழுந்துவிட்டது, நிரலுக்குள் ஏதோ ஒரு பிழை பிடிக்கப்படாமல் வெளியேறியிருக்கிறது என்று பொருள். பிழையின் முழுத் தடமும் அதற்குச் சற்று மேலேயே இருக்கும். 203 என்றிருந்தால் பைத்தான் எழவேயில்லை: சிஸ்டம்டியால் நீங்கள் சொன்ன கோப்பை இயக்கவே முடியவில்லை. 200 என்றால் பணி அடைவுக்குள் நுழைய முடியவில்லை; 217 என்றால் சேவைக்கென்று நீங்கள் குறித்த பயனர் பெயரில் கோளாறு. இந்த மூன்று எண்களில் எது வந்தாலும் நிரலின் உட்பகுதியைத் திறந்து பார்ப்பது வீண் வேலை.

203 வந்திருந்து, கோப்பும் அதே இடத்தில் கண்ணெதிரே இருக்க, 'அப்படியொரு கோப்போ அடைவோ இல்லை' என்று கணினி சாதித்தால், நிரலை விண்டோஸ் கணினியில் எழுதி சர்வருக்கு ஏற்றினீர்களா என்று நினைத்துப் பாருங்கள். விண்டோஸ் ஒவ்வொரு வரியின் முடிவிலும் இரண்டு குறிகளை இடுகிறது; லினக்ஸ் ஒன்றை மட்டுமே இடுகிறது. முதல் வரியில் எந்தப் பைத்தானைக் கொண்டு இயக்குவது என்று எழுதியிருக்கும் பாதையின் கடைசியில் அந்தக் கூடுதல் குறி ஒட்டிக்கொள்ள, லினக்ஸ் கருவகம் (கெர்னல்) அந்த ஒட்டுக் குறியுடன் கூடிய பெயரில் ஒரு பைத்தானைத் தேடி, கிடைக்காமல் திரும்புகிறது. இல்லாதது உங்கள் கோப்பு அன்று, அந்தப் பெயருள்ள பைத்தான். முதல் வரியில் நேர்ப்பாதைக்குப் பதில் 'என்வ்' வழியாகப் பைத்தானை அழைத்திருந்தால் இதே நோய் 203க்கு மாறாக 127 என்ற எண்ணில் வெளிப்படும். 'டாஸ்டுயூனிக்ஸ்' என்னும் சிறு கருவி இதை ஒரு நொடியில் தீர்த்துவிடும்.

உங்கள் கடிதத்தைப் படித்தால் குறியெண் 1 ஆக இருக்கும் என்றே தோன்றுகிறது. டெர்மினலில் ஓடுகிற நிரல் சேவையாக ஓடாததற்குக் காரணம், டெர்மினல் உங்களுக்குத் தெரியாமலேயே பல உதவிகளைச் செய்துகொண்டிருந்தது என்பதுதான். நீங்கள் உள்நுழைந்ததும் 'பாஷ்' உங்கள் வீட்டு அடைவிலுள்ள அமைப்புக் கோப்புகளைப் படித்து, நிரல்களைத் தேடும் பாதைகளையும், குறுஞ்செய்திச் சேவைக்கான ரகசியச் சாவி போன்ற சூழல் மாறிகளையும் வைத்துக்கொடுத்தது. ஒரு நிரலுக்கென்று நூலகங்களைத் தனியாக வைத்திருக்கும் விர்ச்சுவல் என்விரான்மென்ட்டை நீங்கள் ஒருமுறை இயக்கிவிட்டு மறந்துபோனீர்கள். நிரல் இருக்கும் அடைவுக்குள் நின்றுகொண்டு ஓட்டியதால் அமைப்புக் கோப்பின் வெறும் பெயரே போதுமாயிருந்தது. சேவைக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. அது பாஷின் கோப்புகளைப் படிக்காது. நீங்கள் வேறு சொல்லாவிட்டால் அதன் பணி அடைவு மூல அடைவுதான். அதற்குக் கிடைக்கும் பைத்தான் இயங்குதளத்தின் பொதுப் பைத்தான். நீங்கள் நிறுவிய நூலகங்கள் எதுவும் அதற்குள் இருக்காது. எனவே 'அந்தப் பெயரில் மாட்யூல் இல்லை' என்ற பிழை வந்தால், விர்ச்சுவல் என்விரான்மென்ட்டின் 'பின்' அடைவிலுள்ள பைத்தானின் முழுப் பாதையை இயக்கக் கட்டளையில் எழுதுங்கள். அதை 'ஆக்டிவேட்' செய்ய முயல வேண்டியதில்லை. பணி அடைவையும், சூழல் மாறிகள் உள்ள கோப்பையும் யூனிட் கோப்பிலேயே குறித்துவிடுங்கள்.

ஊகிப்பதைவிடச் சோதித்துவிடுவது எளிது. சேவை எந்தப் பயனரின் பெயரில் ஓடுமோ அந்தப் பயனராக, மூல அடைவில் நின்றுகொண்டு, 'என்வ்' கட்டளையின் 'ஐ' விருப்பத்தால் சூழல் மாறிகள் அனைத்தையும் துடைத்துவிட்டு, யூனிட் கோப்பில் உள்ள இயக்கக் கட்டளையை அப்படியே ஓட்டிப் பாருங்கள். சேவைக்கு நேர்வது பெரும்பாலும் அப்போதே உங்கள் கண்முன் நேர்ந்துவிடும். யூனிட் கோப்பைத் திருத்திய ஒவ்வொரு முறையும் 'சிஸ்டம்சிடிஎல்' கட்டளையின் 'டீமன்-ரீலோட்' கொடுக்க மறவாதீர்கள். அதைக் கொடுக்காமல், திருத்தியும் பயனில்லையே என்று ஒரு பிற்பகல் முழுவதையும் இழந்தவர்களில் நானும் ஒருவன்.

கேள்வி: பின்னணியில் ஓடும் நிரலுக்கு டீமன் என்று பெயர் வைத்தவர்கள் பேயை நினைத்துத்தான் வைத்தார்களா? – வாசகி, திருநெல்வேலி

பதில்: இல்லை. அமெரிக்காவில் எம்ஐடியின் மேக் திட்டத்தில், 1963ஆம் ஆண்டு வாக்கில், ஐபிஎம் 7094 கணினியில் வேலை செய்த ஃபெர்னான்டோ கோர்பட்டோவின் குழுவினர் இச்சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தனர். இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த, கண்ணுக்குத் தெரியாமல் ஓயாது மூலக்கூறுகளைப் பிரித்துக்கொண்டிருக்கும் சிற்றுருவம்தான் அவர்கள் மனத்தில் இருந்தது. ஆங்கிலத்தில் எழுதும்போது பேயைக் குறிக்கும் சொல்லுக்கும் இதற்கும் ஓர் எழுத்து வேறுபாடு உண்டு.

கேள்வி: நான் எழுதிய சேவை 'இயங்குகிறது' என்றே சிஸ்டம்டி காட்டுகிறது. நிரலில் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை 'பிரின்ட்' கட்டளையும் வைத்திருக்கிறேன். ஆனால் ஜர்னலில் ஒரு வரிகூட இல்லை. நிறுத்திப் பார்த்தாலும் ஒன்றும் வருவதில்லை. – வாசகர், மட்டக்களப்பு

பதில்: நிரல் எழுதிக்கொண்டுதான் இருக்கிறது, எழுதியது இன்னும் வெளியே வரவில்லை. பைத்தான் தன் வெளியீடு டெர்மினலுக்குப் போகிறது என்று கண்டால் வரிக்கு வரி அனுப்பும். டெர்மினல் அல்லாத வேறெதற்கும் போகிறது என்றால், வழக்கமாக 8192 பைட் சேரும்வரை பஃபர் என்னும் தற்காலிக நினைவிடத்தில் தேக்கிவைத்து மொத்தமாக அனுப்பும். உங்கள் வரி ஒவ்வொன்றும் 40 பைட் என்று கொண்டால் இருநூறு வரிகளுக்கு மேல் சேர வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் அதற்கு 34 மணி நேரம் ஆகும்.

நிறுத்தும்போதாவது வந்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். டெர்மினலில் கன்ட்ரோல்-சி அழுத்தினால் பைத்தானுக்குள் ஒரு விதிவிலக்கு எழுந்து, அது முறைப்படி வெளியேறி, தேங்கியதைக் கொட்டிவிட்டுப் போகும். சேவையை நிறுத்தச் சிஸ்டம்டி அனுப்பும் 'டெர்ம்' சிக்னலை நீங்கள் கையாளாவிட்டால், நிரல் அந்த இடத்திலேயே மாய்ந்துவிடும். பஃபரில் இருந்தது அதோடு போகும். ஆகவே விழுவதற்கு முந்தைய கடைசிச் சில வரிகள், அதாவது உங்களுக்கு மிகவும் தேவைப்படும் வரிகள், உறுதியாகத் தொலையும்.

யூனிட் கோப்பில் 'பைத்தான்அன்பஃபர்ட்' என்ற சூழல் மாறியை 1 என்று வைப்பது போதும். அல்லது பைத்தானை 'யு' விருப்பத்துடன் அழையுங்கள். பெர்லில் டாலர் குறியும் குத்துக்கோடும் சேர்ந்த சிறப்பு மாறியை 1 ஆக்குவார்கள். ரூபியில் வெளியீட்டின் 'சிங்க்' பண்பை இயக்குவார்கள். நீண்ட நாள் ஓட வேண்டிய நிரலில் பிரின்டை விட்டு 'லாகிங்' மாட்யூலுக்கு மாறுவது இதைவிட நல்லது. அது ஒவ்வொரு வரியையும் உடனுக்குடன் தள்ளிவிடும்; பிழையின் முழுத் தடத்தையும் பதியும் வசதி அதில் இருக்கிறது.

கேள்வி: எங்கள் அச்சகத்தின் வேலைப் பட்டியலைப் பராமரிக்கும் பைத்தான் சேவை மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்துடன் பேசுகிறது. நாள்தோறும் அதிகாலை 3.30 மணி அளவில் '2006: சர்வர் போய்விட்டது' என்ற பிழை லாக்கில் பதிவாகிறது. அதே நேரத்தில் ஏதாவது காப்புப் பிரதி எடுக்கும் பணி ஓடுகிறதா என்று ஒரு வாரமாகத் தேடியும் எதுவும் அகப்படவில்லை. இரவு வேலை இருக்கும் தீபாவளி, பொங்கல் காலங்களில் மட்டும் பிழை வருவதில்லை. – வாசகர், சிவகாசி

பதில்: கடிதத்தின் கடைசி வாக்கியத்திலேயே விடையைக் கொடுத்துவிட்டீர்கள். அதற்கு முன் கடிகாரத்தைச் சரிபாருங்கள். வாடகைக்கு எடுக்கும் சர்வர்கள் பெரும்பாலும் உலகப் பொதுநேரத்தில் ஓடுகின்றன. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் இருப்பது. உங்கள் லாக்கின் 3.30 என்பது சிவகாசியின் காலை 9 மணி. யாரும் இல்லாத நேரத்தில் எழும் பிழை அன்று இது. முதல் ஊழியர் வந்து முதல் வேலையைப் பதியும்போது எழும் பிழை.

மைஎஸ்க்யூஎல் தன்னோடு இணைந்தும் பேசாமலிருக்கும் வாடிக்கையாளரை, 'வெயிட் டைம்அவுட்' என்ற அமைப்பில் உள்ள நேரம் வரை பொறுத்திருந்து, பிறகு இணைப்பைத் துண்டித்துவிடும். வழக்கமான மதிப்பு 28800 விநாடி, அதாவது 8 மணி நேரம். மாலை ஆறரைக்குக் கதவைப் பூட்டினால் இரவு இரண்டரைக்கு இணைப்பு அறுந்துவிடுகிறது. சேவைக்கு அது தெரியாது. தொடங்கிய நாளில் திறந்த ஒரே இணைப்பை நம்பிக்கொண்டிருக்கும் அது, காலையில் கேள்வி அனுப்பும்போதுதான் மறுமுனையில் ஆள் இல்லை என்று அறிகிறது. இரவுப் பணி நடக்கும் காலத்தில் எட்டு மணி நேர மௌனம் ஏற்படுவதேயில்லை.

இணையப் பக்கங்களுக்காகப் பிஎச்பி எழுதிப் பழகியவர்கள் பின்னணிச் சேவை எழுதும்போது இதில் தவறாமல் விழுவார்கள். அங்கே ஒவ்வொரு கோரிக்கைக்கும் புது இணைப்பு திறந்து, சில நொடிகளில் மூடிவிடும்; எட்டு மணி நேரம் என்ற கணக்கே குறுக்கிடாது.

காத்திருப்பு நேரத்தை ஒரு வாரமாக நீட்டிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், கேட்காதீர்கள். தரவுத்தளம் வேறு கணினியில் இருந்தால், இடையிலுள்ள ஃபயர்வால் செயலற்ற இணைப்புகளை அதற்கு முன்பே சத்தமில்லாமல் மறந்துவிடும். அப்போது பிழையும் வராது. பதிலுக்காகக் காத்து நிரல் அப்படியே உறைந்து நிற்கும். லினக்ஸின் 'கீப்அலைவ்' சோதனை இயக்கப்பட்டிருந்தாலும்கூட வழக்கமாக 2 மணி நேர மௌனத்துக்குப் பிறகே முதல் சோதனையை அனுப்புகிறது. சரியான வழி, வேலை வரும்போது இணைப்பை வாங்கி, முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது. வாங்கும் ஒவ்வொரு முறையும் அது உயிரோடிருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது. பைத்தானின் தரவுத்தள நூலகமான எஸ்க்யூஎல்ஆல்கெமி பயன்படுத்தினால் 'பூல் ப்ரீ பிங்' என்ற ஒரே அமைப்பு இதைச் செய்துவிடும். பெர்லின் தரவுத்தள நூலகமான டிபிஐயில் 'பிங்' என்ற செயல்கூறு இருக்கிறது.

தானாகவே மறு இணைப்பு எடுத்துக்கொள்ளும் வசதி சில நூலகங்களில் உண்டு. அதை நான் விரும்புவதில்லை. ஒரு பரிவர்த்தனையின் நடுவில் இணைப்பு அறுந்தால் முதற்பாதி ரத்தாகிவிடும். நூலகம் சத்தமில்லாமல் மறுபடி இணைந்து பிற்பாதியை மட்டும் எழுதிவைக்கும். தாள் இருப்பு குறையாமல் பில் மட்டும் போட்ட கணக்கு உங்களுக்கு வேண்டாம். இன்னொன்று: மிகப் பெரிய படக்கோப்பைத் தரவுத்தளத்துக்கு அனுப்பும்போது நடுப்பகலில் இதே 2006 வந்தால், அது பொட்டலத்தின் அளவு வரம்பு மீறியதால் வருவது, காத்திருப்பு நேரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.

கேள்வி: சேவை எந்தப் பிழையும் எழுதாமல் சாகிறது. 'நிலை 9, கில்' என்று மட்டும் இருக்கிறது. – வாசகர், ஈரோடு

பதில்: ஒன்பதாம் சிக்னலை எந்த நிரலும் தடுக்கவோ, அதற்குப் பதிலாகக் கடைசி வார்த்தை எழுதவோ முடியாது. நீங்களோ சிஸ்டம்டியோ அனுப்பவில்லையென்றால், நினைவகம் தீர்ந்துபோய் லினக்ஸ் கருவகமே கொன்றிருக்கும். சேவையின் லாக்கில் தேடாமல், கருவகத்தின் செய்திகளைக் காட்டும் 'டிமெசெஜ்' கட்டளையில் தேடுங்கள். கொல்லப்பட்ட நிரலின் பெயரும் அது பிடித்திருந்த நினைவக அளவும் அங்கே இருக்கும். ஷெல் வழியாக ஓட்டியிருந்தால் இதே சாவு 137 என்று தெரியும்: 128உடன் 9. எங்கே நினைவகம் பெருகுகிறது என்று பார்க்க, பைத்தானுடனேயே வரும் 'டிரேஸ்மல்லாக்' மாட்யூல் கொண்டு ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு படங்கள் எடுத்து ஒப்பிடுங்கள். பெரும்பாலும் யாரும் காலி செய்யாத ஒரு லிஸ்டோ டிக்‌ஷனரியோ அகப்படும்.

கேள்வி: ஒரத்தநாட்டில் பால் சங்கத்துக்கு நிரல் எழுதும் நண்பரைப் போலவே நானும் எங்கள் பகுதிச் சங்கம் ஒன்றுக்கு எழுதியிருக்கிறேன். உறுப்பினர் பெயர் ஆங்கிலத்தில் இருந்தால் சேவை ஓடுகிறது. தமிழில் இருந்தால் 'ஆஸ்கி' என்று தொடங்கும் பிழையுடன் விழுகிறது. வேறொரு சர்வரில் அதே நிரல் தமிழை ஏற்றுக்கொள்கிறது, ஆனால் எப்போதாவது ஒருமுறை வேறு விதமாக விழுகிறது. – வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: இரண்டு வேறு நோய்கள். முதலாவது எளிது. உங்கள் முதல் சர்வரில் உபுண்டு 18.04 போன்ற பழைய பதிப்பு இருக்கலாம். அதனுடன் வருவது பைத்தான் 3.6. டெர்மினலில் மொழி அமைப்பு யூடிஎஃப்-8 என்று வைக்கப்பட்டிருக்கும். சேவைக்கு மொழி அமைப்பு எதுவும் வந்து சேராதபோது, அந்தப் பைத்தான் வெளியீட்டுக்கு ஆஸ்கியை எடுத்துக்கொள்ளும். ஆஸ்கிக்குத் தெரிந்தவை 0 முதல் 127 வரையிலான எண்கள். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கியிருப்பது 2944 முதல் 3071 வரை. நம் அகரத்தின் எண் 2949. 'எண் 128க்குள் அடங்கவில்லை' என்று பிழைச் செய்தி முறையிடுவது இதைத்தான். 2018இல் வந்த பைத்தான் 3.7 முதல், மொழி அமைப்பு இல்லாத இடத்தில் யூடிஎஃப்-8ஐயே எடுத்துக்கொள்ளும்படி மாற்றிவிட்டார்கள். பழைய பதிப்பிலேயே இருக்க நேர்ந்தால் 'பைத்தான்ஐஓஎன்கோடிங்' என்ற சூழல் மாறியை யூனிட் கோப்பில் யூடிஎஃப்-8 என்று வையுங்கள். கோப்புகளைத் திறக்கும் ஒவ்வோர் இடத்திலும் குறியாக்கத்தை நீங்களே எழுதிவிடுங்கள். அது எந்தப் பதிப்பிலும் நல்ல பழக்கம்.

இரண்டாவதுதான் சுவையானது. எடைமேடைக் கணினியிலிருந்து வரும் தரவைச் சாக்கெட்டில் 4096 பைட் அளவுள்ள துண்டுகளாகப் படித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே எழுத்தாக மாற்றுகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு யூனிகோடு குறிக்கும் 3 பைட் தேவை. உயிர்மெய்யில் மெய்யின் குறிக்கு மூன்று, அதன்மேல் ஏறும் உயிர்க்குறிக்கோ புள்ளிக்கோ மூன்று. 4096 என்பது மூன்றால் வகுபடாது: 1365 குறிகள் போக ஒரு பைட் மிஞ்சும். அந்த ஒரு பைட் அடுத்த குறியின் தலை. உடல் அடுத்த துண்டில் வருகிறது. தலையை மட்டும் பார்த்த பைத்தான், இது எழுத்தே அன்று என்று விழுந்துவிடுகிறது. இடைவெளியும் இலக்கமும் ஒவ்வொரு பைட்டே என்பதால் வெட்டு எங்கே விழும் என்பது அன்றைய பட்டியலைப் பொறுத்தது. ஆகவேதான் எப்போதாவது ஒருமுறை. உங்கள் சோதனைத் தரவு 4096 பைட்டுக்குள் அடங்கியிருந்தால் சோதனையில் இது வரவே வராது.

இணையத்தில் தேடினால், மாற்றும்போது 'இக்னோர்' என்று எழுதிவிடுங்கள், பிழை வராது என்று பலர் சொல்லியிருப்பதைக் காண்பீர்கள். பிழை வராதுதான். ஆனால் வெட்டுப்பட்ட குறி இரண்டு துண்டிலும் சத்தமில்லாமல் கைவிடப்படும். 'முத்து' என்ற உறுப்பினரின் பெயரில் முதல் உகரக் குறி விழுந்தால் அவர் 'மத்து' ஆகிவிடுவார். பால் சங்கத்தில் அது பொருத்தமாகவே இருந்தாலும் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். பைட்டுகளை எல்லாம் சேர்த்து, செய்தி முழுமையாக வந்தபின் ஒரே தடவையில் மாற்றுங்கள். அது முடியாதென்றால் 'கோடெக்ஸ்' மாட்யூலில் உள்ள படிப்படியான மாற்றியைப் பயன்படுத்துங்கள். அது மிச்சமான தலையை அடுத்த துண்டு வரும்வரை பத்திரமாக வைத்திருக்கும்.

கேள்வி: சேவை சாகவில்லை, பிழையும் எழுதவில்லை, ஆனால் சில நாட்களுக்கு ஒருமுறை வேலை செய்வதை நிறுத்திவிடுகிறது. மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடுகிறது. நிறுத்தச் சொன்னால் ஒன்றரை நிமிடம் எடுத்துக்கொள்கிறது. தினமும் நள்ளிரவில் தானாக மறுதொடக்கம் ஆகும்படி வைத்துவிடலாமா? – வாசகி, கோயம்புத்தூர்

பதில்: வைத்தால் நோய் மறையும், தீராது. அதற்குமுன் நோயாளியை உயிரோடு பரிசோதிக்க உங்களுக்கு ஓர் அரிய வாய்ப்பு இருக்கிறது. மறுதொடக்கம் செய்த கணத்தில் அது போய்விடும். அடுத்த முறை நின்றுபோகும்போது முதலில் 'பை-ஸ்பை' என்ற கருவியின் 'டம்ப்' கட்டளைக்கு அந்த நிரலின் எண்ணைக் கொடுங்கள். நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் ஒவ்வோர் இழையும் (த்ரெட்) எந்தக் கோப்பின் எந்த வரியில் நிற்கிறது என்று காட்டும். கருவியை நிறுவ வாய்ப்பில்லாவிட்டால், பைத்தானுடன் வரும் 'ஃபால்ட்ஹேண்ட்லர்' மாட்யூலை நிரலின் தொடக்கத்திலேயே 'யூஸ்ஆர்1' சிக்னலுக்குப் பதிந்துவையுங்கள். அந்தச் சிக்னலை அனுப்பினால் அதே தகவல் ஜர்னலில் வந்து விழும்.

அங்கே பெரும்பாலும் இரண்டில் ஒன்றைக் காண்பீர்கள். வேறொரு சர்வரிடம் எதையோ கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்து நிற்பது ஒன்று. பைத்தானில் பலரும் பயன்படுத்தும் 'ரிக்வெஸ்ட்ஸ்' நூலகத்துக்கு, நீங்கள் சொல்லாவிட்டால், காத்திருப்பு வரம்பே கிடையாது. யுகம் முடியும்வரை நிற்கும். ஒவ்வோர் அழைப்பிலும் வரம்பைக் கொடுங்கள். அந்த வரம்பு மொத்த நேரத்துக்கு உரியதன்று, அடுத்த பைட் வருவதற்கு உரியது என்பதையும் நினைவில் வைக்கவும். சொட்டுச் சொட்டாகப் பதில் தரும் சர்வர் அதை ஏமாற்றிவிடும். மற்றொன்று, வேலை செய்யும் இழை ஏற்கெனவே செத்துப்போய், முதன்மை இழை மட்டும் சும்மா ஓடிக்கொண்டிருப்பது. பைத்தானில் ஓர் இழை பிழையால் விழுந்தால் நிரல் முழுவதும் விழாது. ஆகவே சிஸ்டம்டியின் கண்ணுக்கு எல்லாம் நலம்.

நிறுத்த ஒன்றரை நிமிடம் ஆகிறது என்று எழுதியிருப்பதைக் கண்டதும் எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. அது சிஸ்டம்டியின் வழக்கமான 90 விநாடிப் பொறுமை. 'டெர்ம்' சிக்னல் அனுப்பி, அவ்வளவு நேரம் காத்து, பிறகு 'கில்' அனுப்புகிறது. உங்கள் நிரல் நிறுத்தச் சொல்வதைக் கேட்க மறுக்கிறது. வேலைச் சுழற்சியைச் சுற்றி, எந்தப் பிழை என்று பெயர் குறிக்காத வெறும் 'எக்ஸெப்ட்' வைத்து, அதற்குள் 'பாஸ்' என்று எழுதியிருக்கிறீர்களா? சிக்னல் வந்ததும் நிரலை முடிக்க நீங்கள் அழைக்கும் 'எக்ஸிட்' கூட பைத்தானில் ஒரு விதிவிலக்குதான். வெறும் எக்ஸெப்ட் அதையும் பிடித்து விழுங்கிவிட்டுச் சுழற்சியைத் தொடரும். இப்படி ஒரு வரியை நானே எழுதி, ஒரு நிறுவனத்தில் கட்டண நினைவூட்டல் அனுப்பும் சேவையை மூன்று வாரம் ஒன்றும் செய்யாமல் சுழலவிட்டிருக்கிறேன். லாக் மிகத் தூய்மையாக இருந்தது. குறைந்தபட்சம் 'எக்ஸெப்ட்' உடன் 'எக்ஸெப்ஷன்' என்று எழுதுங்கள். அது வெளியேறும் கட்டளையைப் பிடிக்காது. பிடித்த பிழையை லாகிங் மாட்யூலின் 'எக்ஸெப்ஷன்' செயல்கூறால் தடத்துடன் பதியுங்கள்.

இவை முடிந்தபின் மறுதொடக்கத்தைச் சிஸ்டம்டியிடம் ஒப்படைக்கலாம், நள்ளிரவில் அன்று, தேவைப்படும்போது. யூனிட் கோப்பில் 'வாட்ச்டாக்செக்' என்று ஒரு கால அளவைக் கொடுத்தால், அதற்குள் நிரல் 'இருக்கிறேன்' என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். பாதி இடைவெளிக்கு ஒருமுறை அனுப்புவது வழக்கம். அனுப்பத் தவறினால் சிஸ்டம்டி 'அபார்ட்' சிக்னல் கொடுத்து அதை முடித்துவிடும். ஃபால்ட்ஹேண்ட்லரை இயக்கிவைத்திருந்தால், அந்தச் சிக்னலில் சாகும்போதே எந்த வரியில் நின்றிருந்தது என்பதையும் எழுதிவைத்துவிட்டுச் சாகும். இந்த இரண்டையும் சேர்த்து வைத்திருப்பவர் மிகக் குறைவு என்பது எனக்கு வியப்பு. ஆனால் 'இருக்கிறேன்' என்று சொல்வதை வேலை செய்யும் சுழற்சிக்குள்ளேயே வையுங்கள். அதற்கென்று தனி இழை வைத்தால், வேலைக்காரன் செத்தபின்னும் வாயிற்காவலன் நலம் நலம் என்று கூவிக்கொண்டிருப்பான்.

கேள்வி: லாக் கோப்பு பெருத்து வட்டு நிரம்பிவிட்டது. கோப்பை அழித்தேன், இடம் திரும்பவில்லை. – வாசகர், வேலூர்

பதில்: நீங்கள் அழித்தது பெயரை மட்டுமே. சேவை அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை அதன் உள்ளடக்கம் வட்டில் இருக்கும். சேவை பெயரில்லாத அந்தக் கோப்பிலேயே தொடர்ந்து எழுதிக்கொண்டும் இருக்கும். 'எல்எஸ்ஓஎஃப்' கட்டளைக்குக் கூட்டல் குறியுடன் பெரிய 'எல்', அதையொட்டி 1 என்று கொடுத்தால் இத்தகைய கோப்புகளைக் காட்டும். சேவையை மறுதொடக்கம் செய்த உடனே இடம் திரும்பிவிடும்.

லாக் கோப்புகளை அவ்வப்போது மாற்றிவைக்கும் 'லாக்ரொட்டேட்' கருவியை வைத்திருந்தாலும் இதே கதைதான்: அது கோப்பின் பெயரை மாற்றிவைக்கும், நிரல் பழைய கோப்பிலேயே எழுதும், புதிய கோப்பு காலியாகக் கிடக்கும். பைத்தானின் 'வாட்ச்ட்ஃபைல்ஹேண்ட்லர்' ஒவ்வொரு முறை எழுதும்போதும் கோப்பு மாறியிருக்கிறதா என்று பார்த்து, மாறியிருந்தால் புதியதைத் திறந்துகொள்ளும். பைத்தானுக்குள்ளேயே சுழற்றும் ஹேண்ட்லரையும் லாக்ரொட்டேட்டையும் ஒரே கோப்பின் மேல் சேர்த்து வைத்துவிடாதீர்கள். இரண்டும் ஒன்றன் கோப்பை மற்றொன்று இழுக்கும். தனிக் கோப்பே தேவையில்லை என்றால் பிழை வெளியீட்டுக்கு எழுதி, ஜர்னலிடம் விட்டுவிடுங்கள். அது தானிருக்கும் கோப்பமைப்பின் பத்தில் ஒரு பங்குக்கு மேல், எவ்வளவு பெரிய வட்டானாலும் 4 ஜிபிக்கு மேல், வழக்கமாக வளராது.